மாடி அறை மாணவர்கள்

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை என்றால் இன்றைக்குப் பெண்கள் கிறித்தவக் கல்லூரிதான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்தக் கல்லூரி தொடங்கியது 1915இல். சாலைக்குப் பெயர் கொடுத்த கல்லூரி அதற்கு நூறு வருஷம் முந்தியது. 1812இல் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் முன்னின்று ஏற்படுத்திய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அது. நாம் டி.பி.ஐ. என்று சொல்லிப் பழகிய வளாகத்தில்தான் பிற்பாடு அது நடந்துவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்காகக் கப்பலில் வந்து இறங்கிய இங்கிலாந்துப் பையன்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. பரீட்சையில் தேறினால் சம்பளப் படி கூடும், பரிசுப் பணமும் உண்டு. அந்தப் பையன்கள் வாசிப்பதற்காகவே தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரக் கதையைத் தமிழ் உரைநடையாக்கினார். 1826இல் அது அச்சாயிற்று. தமிழ் உரைநடையின் கதையில் அந்தப் புத்தகத்துக்குத் தனி இடம் இருக்கிறது.

சென்னையில் பிறநாட்டார் தமிழ் படித்த வரலாற்றை நான் இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்த வரலாற்றின் பின்பகுதி எங்கள் வீட்டில் நடந்தது. மயிலாப்பூர் சித்திரகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் பாட்டும் வீணையும் நாட்டியமும் படிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கினார்கள். அவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் முதலில் பாட்டியும் அம்மாவும். பிறகு அதுவே என் தொழிலாயிற்று. ஒரு பாஷை எங்கே படிகிறது, எங்கே படியாமல் வழுக்கிக்கொண்டு போகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அந்தக் கண்ணோடு பழைய கதையைப் படிக்கும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. யார் யாருடைய வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கோட்டைக் கல்லூரிக் காலத்தில் முன்ஷி என்ற மொழி ஆசிரியர்தான் மாணவனைத் தேடிப் போனார். துரை தங்கியிருக்கும் பங்களாவில் காத்திருந்து, அவருக்கு ஒழிந்த நேரத்தில் பாடம் சொல்லிவிட்டு, திரும்பித் தன் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த முன்ஷியின் வீட்டில் என்ன சமைத்தார்கள், குழந்தையை எப்படி அதட்டினார்கள், வாசலில் யாரோடு என்ன பேசினார்கள் என்பதெல்லாம் மாணவனின் காதில் விழ வழியில்லை. எழுதுகிற தமிழ் வேறு, பேசுகிற தமிழ் வேறு என்பது அவர்களுக்குத் தெரியாததும் இல்லை. வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழ் என்ற பேச்சுவழக்குக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியாக லத்தீனில் எழுதிவைத்திருந்தார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. 1813இல் கோட்டைக் கல்லூரியே அதை மறுபடி அச்சிட்டது. புத்தகம் கையில் இருந்தது. பேசிப் பழக வீடுதான் இல்லை.

அந்த பங்களாக்களில் பாஷை கற்றுக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவர் சமையற்காரர். இன்னொருவர் வீட்டில் காலையிலிருந்து ராத்திரிவரை இருந்தவர் அவர் ஒருவர்தானே. பள்ளிக்கூடம் போகாமல், காதால் கேட்டே அவர் பிடித்துக்கொண்ட ஆங்கிலத்துக்கு 'பட்லர் இங்கிலீஷ்' என்று பெயர் வைத்து இரண்டு தரப்பும் கேலி செய்தன. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு கிடையாது. சென்னையில் வீட்டோடு இருந்து அந்நிய மொழி கற்றவர்களின் வரிசையில் முதல் பெயர் அந்தப் பெயர் தெரியாத பட்லர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்து வழக்கம் இதற்கு நேர்மாறு. மாணவன்தான் ஆசிரியரிடம் போவான், போய் அங்கேயே கிடப்பான். உ. வே. சாமிநாதையர் பதினாறு வயதில் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தது 1871இல். 1876இல் பிள்ளையவர்கள் காலமாகும்வரை கூடவே இருந்தார். ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல எழுதியும், அவரோடு ஊர் ஊராகப் போயும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டும் படித்த படிப்பு அது. பின்னாளில் திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த காலத்தில் அவரிடம் வந்த கி. வா. ஜகந்நாதனும் அதே மாதிரிதான் கற்றார். குருகுலவாசம் என்று சொல்லி இதை நாம் பூரித்துப் போகிறோம். அதில் இருந்த ஒரு வேலியையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும். சாமிநாதையர் தன் குருவின் வீட்டில் சாப்பிட முடியாது. சாதி வழக்கம் இடம் கொடுக்கவில்லை. பாடம் ஓரிடம், சாப்பாடு வேறிடம் என்றுதான் ஏற்பாடு. உயிரையே வைத்திருந்த மாணவனுக்கும் அடுப்பங்கரை அடைத்துத்தான் இருந்தது. இந்தச் சங்கதிக்கு மறுபடி வருகிறேன்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் பங்களாவை விட்டு இறங்கி ஆசிரியரைத் தேடி மயிலாப்பூருக்கு வந்தது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ராகினி தேவி. எஸ்தர் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பெண். இந்திய நாட்டியத்தைப் பற்றி 1928இலேயே புத்தகம் எழுதிவிட்டு 1930இல் இந்தியாவுக்கு வந்தார். சதிர் என்றாலே பெரிய மனிதர்கள் முகம் சுளித்த காலத்தில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பாடம் கேட்டார். ராகினி தேவியின் மகள் இந்திராணி பிறந்ததும் அதே 1930இல், இதே சென்னையில். கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவர். பாலசரஸ்வதி, ருக்மிணி தேவி இரண்டு பேருக்குமே அபிநயம் சொல்லிக்கொடுத்தவர். உலகத்திலிருந்தெல்லாம் மயிலாப்பூருக்கு மாணவர்கள் வரலாம் என்று வழி திறந்துவிட்ட அந்த அம்மாளின் கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. 1971இல் காலமானார். மாட வீதிகளைச் சுற்றும் ஒவ்வொரு நாட்டிய மாணவிக்கும் இந்தப் பெயரை நான் சொல்லாமல் விட்டதில்லை.

அடையாற்றின் கதை வேறு மாதிரி. பிரம்மஞான சபை 1882 கடைசியில் அங்கே இடம் வாங்கிய நாளிலிருந்து ஐரோப்பியரும் அமெரிக்கரும் வந்து தங்கிக்கொண்டே இருந்தார்கள். மேற்கத்தியச் சாப்பாட்டோடு லெட்பீட்டர் சேம்பர்ஸ் ஒரு பக்கம், இலை போட்டுப் பரிமாறுகிற போஜனசாலை இன்னொரு பக்கம். ஆலமரத்தடியில் வருஷக் கணக்காக வாழ்ந்தும் ஆற்றுக்கு இந்தப் பக்கத்துத் தமிழ் ஒரு சொல்கூட வேண்டியிராத வாழ்க்கை பலருக்கு அங்கே சாத்தியமாயிற்று.

1939இல் அந்த வளாகத்துக்கு மரியா மாண்டிசோரி வந்தார். இத்தாலியர். அதற்கு முன் ஸ்பெயினில் பார்சிலோனாவை வீடாக்கிக்கொண்டு, 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அங்கிருந்து வெளியேறியவர். இங்கே ஓலைக் கொட்டகைகளில் அவர் நடத்திய வகுப்புகளில் இத்தாலிய மொழியில்தான் பேசினார். மகன் மரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லுவார். போர் முடிகிற வரை இந்தியாவில் இருந்தார். ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தை, யாரும் கற்பிக்காமலே சுற்றிலும் கேட்கிற மொழியை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது என்ற அவருடைய கருத்தைச் சொல்லும் 'அப்சார்பன்ட் மைண்ட்' என்ற நூல் 1949இல் முதன்முதலாக வெளிவந்ததே அடையாறு தியாசாபிகல் பதிப்பகத்திலிருந்துதான். வளர்ந்தபின் அந்தச் சக்தி இல்லாமல் போய்விடுகிறது என்றார். அது உண்மைதான் என்று என் மாணவர்களைப் பார்த்த அனுபவத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியவர்களையும் கொஞ்சம் குழந்தைகளாக்கிவிடுகிற இடம் ஒன்று உண்டு. அது அடுத்தவர் வீடு. எங்கே உட்காருவது, எப்போது சாப்பிடுவது, எதைத் தொடக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் கேட்டுத்தான் நடக்க வேண்டும். அங்கே வாயைத் திறக்காமல் ஒரு நாள் ஓட்ட முடியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வரத்து பெருகியதற்குப் பின்னால் ஒப்பந்தங்களும் பணமும் இருந்தன. ஃபுல்பிரைட் உதவித்தொகைக்கான இந்திய அமெரிக்க ஒப்பந்தம் 1950இல் கையெழுத்தானது. 1954இல் பி.எல்.480 என்ற சட்டம் வந்தது. நம் ரேஷன் கடைகளுக்கு வந்த அமெரிக்கக் கோதுமை அந்தச் சட்டப்படிதான் வந்தது. அதன் விலையை நாம் ரூபாயாகக் கொடுத்தோம். ரூபாயை டாலராக்கி எடுத்துப் போக வழியில்லாததால் பெரும்பகுதியை இங்கேயே செலவழிக்க வேண்டியிருந்தது. 1961இல் தொடங்கிய அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் ஆரம்ப காலத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கொடுத்த உதவித்தொகையில் இந்தக் கோதுமை ரூபாய்தான் முக்கியம். எங்கள் பாட்டிக்கு ரேஷன் கோதுமை பிடிக்காது. அந்தக் கோதுமைக்குக் கொடுத்த ரூபாய் மயிலாப்பூரில் வீட்டு வாடகையாகவும் பாட்டு வாத்தியார் சம்பளமாகவும் சுற்றிக்கொண்டிருந்தது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கதவை மிக அகலமாகத் திறந்த குடும்பம் வீணை தனம்மாள் குடும்பம். தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி. தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும். ரங்கநாதனிடம் மிருதங்கம் படித்த ராபர்ட் பிரவுன் அதையே ஆராய்ச்சி நூலாக எழுதி, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் இசைக்கு இடம் ஏற்படுத்தினார். 1963இல் ரங்கநாதனே அங்கே ஆசிரியராகப் போனார். அங்கேதான் ஜான் ஹிக்கின்ஸ் என்ற மாணவர் கர்நாடக சங்கீதத்தைக் கேட்டார். பிறகு ஃபுல்பிரைட் உதவியோடு சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் உட்கார்ந்தார். பாலசரஸ்வதியிடமும் பதங்கள் கற்றார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே பரதநாட்டிய இசையைப் பற்றித்தான்.

ஹிக்கின்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய ராக ஞானத்தைத்தான் பேசுவார்கள். நான் பாஷைக்காரி. எனக்கு அவருடைய உச்சரிப்புதான் அதிசயம். ஆங்கிலம் தாய்மொழியான ஒருவருக்கு நம் 'த'வும் 'ட'வும் இரண்டு தனித்தனிச் சத்தங்கள் என்று காதில் ஏறவே மாதங்கள் ஆகும். 'ல', 'ள', 'ழ' பற்றிக் கேட்கவே வேண்டாம். குறில் நெடில் தவறினால் பாட்டில் தாளமே இடறும். ஹிக்கின்ஸ் பாடிய பழைய ஒலிப்பதிவில் தமிழானாலும் தெலுங்கானாலும் கன்னடமானாலும் சொல் சொல்லாகவே வந்து விழுகிறது. காகிதத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடினால் இது வராது. குருவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு சங்கதியை அவர் பாட, இவர் பாட, சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் பாட, நாக்கு எங்கே படுகிறது என்று வாயைப் பார்த்துக்கொண்டே பாடினால்தான் வரும். திருவையாறு தியாகராஜ ஆராதனையில் அவர் பாடினார். பாகவதர் என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1984 டிசம்பரில், குடித்துவிட்டு ஓட்டிய ஒருவனின் வண்டி மோதி, நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். அதே வருஷம் பிப்ரவரியில்தான் பாலசரஸ்வதி காலமாகியிருந்தார். மயிலாப்பூர் அந்த வருஷம் இரண்டு முறை அழுதது.

எங்கள் மாடி அறைக்கு அந்த அளவு பேர் பெற்றவர்கள் யாரும் வரவில்லை. ஆனால் பாஷை வருகிற விதத்தை நான் பார்த்தது அவர்களிடம்தான். தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய எண்பதுகளில் வீணை படிக்க ஒரு பெண் வந்தாள். தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்திருந்தாள். பெட்டியில் ஆர்டன் பாதிரியார் 1891இல் எழுதிய இலக்கணத்தின் மறுபதிப்பு. பிழையில்லாத தமிழ் பேசினாள். ஆனால் எங்கள் தெருவில் அப்படி யாருமே பேசுவதில்லை. மெட்ரோ வாட்டர் லாரி வந்ததும் தெருவே குடங்களோடு ஓடும். முந்தின ராத்திரியே குடத்தை வரிசையில் வைத்து இடம் பிடிப்பார்கள். எங்கள் குடத்தோடு அவளும் போய் நின்றாள். முதல் நாள், "அம்மையீர், இக்குடம் எங்களுடையது, தயவுசெய்து சற்று நகர்வீர்களா?" என்றாள். பூ விற்கிற ஒரு அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அவள் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "இன்னாம்மா நீ, சாமிக்கு அர்ச்சனை பண்ற மாதிரி பேசறே? 'நவுருக்கா, என் கொடம் இது'ன்னு சொல்லு."

அந்த அக்கா அத்தோடு விடவில்லை. தினமும் லாரி வரும்வரை பாடம் நடந்தது. அண்ணா, அக்கா, ஆயா என்று யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது, யாரிடம் 'வா', யாரிடம் 'வாங்க' என்று எல்லாம் அந்த வரிசையில்தான் அவளுக்குப் படிந்தது. கோடை முடிவதற்குள், "யக்கா, நேத்து ராத்திரியே வச்சிட்டேன், அந்தப் பச்சைக் கொடம்தான் எனுது, யாரு தள்ளி வச்சது?" என்று அவள் சத்தம் போட்டது மாடியிலிருந்த எங்களுக்கே கேட்டது. வீட்டுக்குள் வந்தால் அவள் பேச்சு மாறிவிடும். "பாட்டி, ஜலம் கொண்டு வந்துட்டேன், எங்க வைக்கட்டும்?" என்பாள். தெருவுக்கு ஒரு தமிழ், எங்கள் கூடத்துக்கு ஒரு தமிழ், வீணை வாத்தியாருக்குக் கடிதம் எழுத ஆர்டனின் தமிழ் என்று மூன்றையும் இடம் பார்த்துப் பேசினாள். அந்தச் சமயத்தில் பேச்சுத் தமிழுக்கென்று நல்ல புத்தகங்கள் வரத் தொடங்கியிருந்தன. ஹெரால்ட் ஷிஃப்மன் எழுதிய பேச்சுத் தமிழ் இலக்கணத்தைச் சென்னைக் கிறித்தவ இலக்கியச் சங்கம் 1979இலேயே வெளியிட்டிருந்தது. நானும் அதை வைத்துப் பாடம் சொல்லியிருக்கிறேன், அருமையான நூல். தண்ணீர் வரிசையில் நின்றுவிட்டு வந்து அதைப் படித்தவர்களுக்கு அது இரண்டு மடங்கு விளங்கியது.

பாட்டி அவளை அடுப்பங்கரை வாசலில்தான் நிறுத்துவாள். மடி, எச்சில், பத்து என்ற ஆசாரமெல்லாம் பாட்டிக்கு உயிர். டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்க வேண்டும். ஆனாலும் நாள் போகப் போக வாசல்படி தளர்ந்தது. ஒரு தை மாதம் அந்தப் பெண் அடுப்பங்கரைக்குள் உட்கார்ந்து அம்மாவோடு சர்க்கரைப் பொங்கலுக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே நான் மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தளர்ந்த அந்த வாசல்படி எல்லாருக்கும் தளரவில்லை. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வாடகைக்கு வீடு தேடி வந்த நம் ஊர்க்காரர்களிடம் என்ன சாதி, என்ன மதம், என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டு அனுப்பிவிட்ட வீடுகள் அதே தெருக்களில் இருந்தன. இன்னும் இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்து நாகசுரமோ தவிலோ படித்துவிட்டுச் சென்னை இசைக்கல்லூரியில் சேர வந்த ஒரு பையனுக்குக் கிடைக்காத அறை, கடல் தாண்டி வந்தவருக்குக் கிடைத்தது. சாமிநாதையரைக் குருவின் அடுப்பங்கரைக்கு வெளியே நிறுத்திய அதே வழக்கம் இது. வீட்டோடு தங்கிக் கற்பதன் பெருமையை எழுதுகிற யாரும் இதை எழுதாமல் விடுவது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன்.

வீட்டோடு தங்கிக் கற்பதையே ஓர் ஏற்பாடாக நடத்துகிற ஊர்கள் வேறு இடங்களில் உண்டு. இப்போது ஸ்பானிய மொழி படிக்க விரும்புகிறவர்கள் குவாத்தமாலாவின் ஆன்டிகுவா என்ற சின்ன ஊருக்குப் போகிறார்கள். பல பள்ளிகளில் காலையில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்று பாடம். மிச்ச நேரமெல்லாம் ஓர் உள்ளூர்க் குடும்பத்தோடு சாப்பாடு, பேச்சு, தூக்கம். ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது நிலையான வருமானம். ஸ்பெயினின் சலமான்காவிலும் இதே ஏற்பாடு உண்டு. தமிழுக்கு அந்த மாதிரி ஊன்றிய ஏற்பாடு சென்னையில் ஏற்படவில்லை. அமெரிக்க மாணவர்களுக்கான தமிழ் வகுப்பும் குடும்பத்தோடு தங்கும் வசதியும் மதுரையில்தான் வேர்பிடித்தன. சென்னையில் நடந்ததெல்லாம் வாய்வார்த்தையில் நடந்தது. இந்த வாத்தியாருக்கு அந்த மாமியைத் தெரியும், அந்த மாமிக்கு மாடியில் ஓர் அறை இருக்கிறது என்ற அளவில்தான்.

அடுக்ககங்கள் வந்தபின் அந்தச் சங்கிலியும் அறுந்துவிட்டது. மார்கழி சீசனுக்கு வருகிறவர்கள் சர்வீஸ் அப்பார்ட்மென்டில் தங்கி, சபா கேன்டீனில் ஆங்கிலத்தில் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் இப்போது நம் பிள்ளைகளும் உண்டு. மொரீஷியஸ், ரீயூனியன், தென்னாப்பிரிக்கா என்று தாத்தா பாட்டி காலத்தோடு தமிழ் நின்றுபோன குடும்பங்களிலிருந்தும், கனடாவில் பிறந்து வளர்ந்த ஈழத்து வீடுகளிலிருந்தும் தமிழைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. பேசிப் பழக ஒரு வீடுதான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தி. நகரிலும் பிள்ளைகள் வெளிநாடு போய், இரண்டு மூன்று படுக்கையறைகள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருக்கிறீர்கள். ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரானால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். விழுப்புரத்துப் பையன் வந்தால் அதுகூட வேண்டாம். வருகிறவரிடம் சாதியைக் கேட்காதீர்கள். சமைக்கும்போது அடுப்பங்கரைக்குள் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள், உங்கள் தமிழிலேயே பேசுங்கள்.